புள்ளியும் குச்சியும்

"இன்னாண்ணே, ஒரு துப்பாக்கிக்கு ரெண்டு குறியா? ஒண்ணு மேல நம்பிக்கை இல்லியா?"

காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் பார்க்கிற தம்பி ஒருவர் இதைக் கேட்டு எட்டு மாதம் ஆகிறது. என் ஏர் ரைபிளில் குறி பார்க்க ரெண்டு வழி: பேட்டரியில் எரிகிற சிவப்புப் புள்ளியான ரெட் டாட், குழலோடு வருகிற பள்ளமும் குச்சியுமான ஓபன் சைட். பேட்டரி தீர்ந்துபோனால் ஓபன் சைட் கைகொடுக்கும் என்று அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். எல்லோரும் சொல்கிற பதில்தான், பொய்யும் இல்லை. ஆனால் நான் ரெண்டையும் வைத்திருந்தது அதற்காக இல்லை என்று எனக்கே தெரியும். கேள்வி மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது. வண்டி ஓட்டும்போது, ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதெல்லாம் அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு ஏர் ரைபிளுக்கு இவ்வளவு யோசனையா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயில் தண்டவாளத்தை ஒட்டி தம்பியின் மச்சானுக்கு ஒரு குடோன் இருக்கிறது. பாதி எப்போதும் காலிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டு, டேப் வைத்து 10 மீட்டர் அளந்து, அந்தக் கோடியில் ஒரு தகரப் பெட்டி வைப்போம். பெட்டிக்குள் பழைய டெலிபோன் டைரக்டரிகளும் அதற்குப் பின்னால் அழுத்தித் திணித்த பனியன் வேஸ்ட்டும் இருக்கும். பெட்டிக்குப் பின்னால் பிளைவுட் பலகை. நான், தம்பி, பிளஸ் டூ படிக்கிற அவருடைய மகள் என்று மூன்று பேர். துப்பாக்கி ஒன்றே ஒன்று, என்னுடையது. குழலை மடக்கி ரவை போடுகிற ஸ்பிரிங் வகை. 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்பதால் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அதற்காக மொட்டைமாடியில் நின்று சுடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்தப் பக்கம் ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் நடுவில் துணி காயப்போடுகிற கொடிக்கயிறுதான் எல்லை.

குச்சியைப் பார்

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தேன். பாயின்ட் டூ டூ ரைபிள், ஆளுக்கு ஐந்து ரவுண்டு. அந்த ஐந்து ரவுண்டுக்காக ஒரு வருஷம் முழுக்க வெயிலில் பரேடு செய்திருக்கிறேன். தரையில் படுத்துக் குறி பார்க்கும்போது பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் தலைக்கு மேல் நின்று ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: "டார்கெட் மத் தேக்கோ, டிப் தேக்கோ." இலக்கைப் பார்க்காதே, குழல் முனையில் நிற்கிற அந்தக் குச்சியின் நுனியைப் பார். கேட்கும்போது கிறுக்குத்தனமாக இருக்கும். யோசித்தால் சரி. பின்னால் பள்ளம், முன்னால் குச்சி, தூரத்தில் இலக்கு என்று மூன்று தூரங்களில் மூன்று பொருள். மனுஷக் கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பிடிக்கும். பள்ளத்துக்கும் குச்சிக்கும் நடுவே அரை மீட்டர் இடைவெளி இருந்தால், குச்சி பள்ளத்தின் நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகினாலே 10 மீட்டரில் இரண்டு சென்டிமீட்டர் தப்பும். இலக்கு கொஞ்சம் மங்கினாலும் அதன் நடுவைக் கண் எப்படியோ கண்டுபிடித்துவிடும். குச்சி மங்கினால்தான் போச்சு.

இந்த ஞானத்தோடு அந்த வருஷம் திருவொற்றியூர் மாசித் திருவிழாவில் பலூன் கடைக்குப் போய் பத்து ரவைக்கு இரண்டு பலூன் உடைத்தேன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். குச்சி எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று கடைக்காரருக்கு மட்டும் தெரியும் என்பதைப் பிறகுதான் யாரோ சொன்னார்கள். குச்சியை எவ்வளவு நன்றாகப் பார்த்தாலும் குச்சியே நேராக இல்லையென்றால் என்ன செய்வது? அந்தச் சந்தேகம் அன்றைக்கு வரவில்லை. இருபது வயசில் அதெல்லாம் வராது.

நாற்பத்தாறில் வெள்ளெழுத்து வந்தது. செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடிக்க ஆரம்பித்த அதே மாதம் குச்சியின் நுனியும் பஞ்சுமிட்டாய் ஆகிவிட்டது. படிக்கிற கண்ணாடி போட்டால் பள்ளத்தின் பக்கம் கொஞ்சம் தெளியும், இலக்கு காணாமல் போகும். தூரக் கண்ணாடி போட்டால் இலக்கு தெரியும், குச்சி கரையும். அப்போதுதான் ரெட் டாட் வாங்கினேன்.

அது வேலை செய்கிற விதம் எனக்கு இன்றைக்கும் அதிசயம்தான். உள்ளே குண்டூசித் தலையளவு ஒரு எல்.இ.டி. எதிரே லேசாக வளைந்த கண்ணாடி. அது அந்தச் சிவப்பு ஒளியை மட்டும் நம் பக்கம் திருப்பி அனுப்பும், மற்ற வெளிச்சத்தை உள்ளே விடும். திரும்பி வருகிற கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையாக வருவதால், புள்ளி கண்ணாடியில் ஒட்டியிருப்பது போலத் தெரியாது, எங்கோ வெகுதூரத்தில் மிதப்பது போலத் தெரியும். அதனால் கண் இலக்கை மட்டும் பார்த்தால் போதும். டப்ளினைச் சேர்ந்த ஹோவர்ட் கிரப் இந்தத் தத்துவத்தை 1900லேயே எழுதிக் காப்புரிமை வாங்கிவிட்டார். கையடக்கமான மின்சாரப் புள்ளியாக அதை 1975ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஸ்வீடனின் எய்ம்பாயின்ட். உஸ்தாத்தின் மந்திரத்தை அப்படியே தலைகீழாக்குகிற சாமான் இது. டிப்பைப் பார்க்காதே, இலக்கைப் பார்.

முதல் நாள் உற்சாகமாகக் கண்ணை வைத்தேன். புள்ளி, புள்ளியாக இல்லை. வால் முளைத்த கமா மாதிரி கீழ்நோக்கி இழுத்துக்கொண்டு நின்றது. மட்டமான சாமானைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று புலம்பினேன். பெண் தன் போன் கேமராவை கண்ணாடிக்கு நேராகப் பிடித்து ஒரு படம் எடுத்துக் காட்டினாள். திருத்தமான வட்டம். "பெரியப்பா, போன்ல ரவுண்டாதான் இருக்கு. உங்க கண்ணுதான் நசுங்கியிருக்கு." கண் டாக்டரும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். சிலிண்டர் பவர் இருக்கிறதாம், இத்தனை வருஷம் கவனிக்கவில்லையாம். புதுக் கண்ணாடி போட்டு, புள்ளியின் வெளிச்சத்தையும் இரண்டு படி குறைத்த பிறகு வால் பெரும்பாலும் மறைந்தது. புள்ளி வாங்குகிற யாருக்கும் நான் சொல்கிற முதல் யோசனை இந்த போன் சோதனைதான். கடைக்காரரோடு சண்டை போடுவதற்கு முன்னால் செய்யுங்கள்.

அடுக்கி வைப்பது

புள்ளியைத் தாழ்வாக மாட்டியிருந்தேன். அதன் கண்ணாடிக்குள்ளேயே, அடிப்பக்கத்தில், ஓபன் சைட்டின் பள்ளமும் குச்சியும் தெரியும். ரெண்டையும் ஒரே தூரத்துக்குச் சரிசெய்துவிட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். தலையைக் கொஞ்சம் இறக்கிப் பள்ளத்தில் குச்சியை நிறுத்தினால், புள்ளியும் கூடவே இறங்கி வந்து குச்சியின் தலையில் குங்குமம் வைத்தது போல உட்காரும். அழகான காட்சி. நான் அதில் மயங்கிவிட்டேன். ஒவ்வொரு முறை சுடும்போதும் பள்ளம், குச்சி, புள்ளி, இலக்கு என்று நாலையும் ஒரே கோட்டில் அடுக்கிய பிறகே விசையைத் தொடுவேன். தம்பி கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் இதுதான். ஒன்றை மட்டும் நம்பத் தைரியம் இல்லை. இரண்டும் ஆமாம் என்று சொன்னால்தான் எனக்குக் கை அசையும்.

பலன்? நான் அடுக்கி முடிப்பதற்குள் மூச்சு தீர்ந்து கை நடுங்க ஆரம்பிக்கும். ஐந்து ரவையும் டீ கிளாஸின் வாயளவுக்குப் பரவும். என்.சி.சி. வாசலைக்கூட மிதிக்காத அந்தப் பெண் இரண்டு கண்ணையும் திறந்துவைத்துக்கொண்டு, புள்ளியைக் காகிதத்தின் மேல் வைத்து, டப் டப்பென்று ஐந்தையும் 10 ரூபாய் நாணயத்துக்குள் போடுவாள். "குச்சியப் பாக்கறதே இல்லியா?" என்று கேட்டேன். "கேரம்ல ஸ்ட்ரைக்கரையா பாப்பாங்க? காயிதான பாக்கணும்" என்றாள். 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா வளர்ந்த பகுதியில் பிறந்த பெண்ணிடம் இதற்கு மேல் வாதாட முடியாது.

ஆனாலும் அவளுக்கும் ஒரு குறை இருந்தது. நாலு ரவை ஒன்றாக விழும், ஐந்தாவது சம்பந்தமே இல்லாமல் ஒரு சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். புள்ளி நடுவில்தான் இருந்தது என்று சத்தியம் செய்வாள். பொய் சொல்லவில்லை. புள்ளியைக் கண்ணாடியின் எந்த மூலையில் பார்த்தாலும் அடி ஒரே இடத்தில் விழும் என்று விளம்பரத்தில் சொல்வது தூரத்துக்குத்தான் பொருந்தும். கதிர்கள் இணையாக வருகின்றன அல்லவா? தலை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் பார்வைக் கோடும் ஒரு சென்டிமீட்டர் நகரும். 100 மீட்டரில் அது தூசு. 10 மீட்டரில், போட்டி இலக்கின் 30.5 மி.மீ. கருவட்டத்தில், அது பெரிய தப்பு. என் புள்ளியே மூன்று எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு), அதாவது 10 மீட்டரில் ஏறத்தாழ 9 மி.மீ. அகலத்தை மறைத்துவிடும். போட்டி இலக்கில் பத்தாம் வட்டம் 0.5 மி.மீ., ஒன்பதாம் வட்டம் 5.5 மி.மீ. ரெண்டுமே புள்ளிக்கு அடியில் காணாமல் போகும். 2008ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய அந்தப் போட்டியில் இந்தப் புள்ளிக்கெல்லாம் இடமே கிடையாது. துளை வழியாகப் பார்க்கிற டயாப்டர்தான். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள், எங்களுக்கு இது போதும்.

அவளுடைய ஐந்தாவது ரவைக்கு மருந்து குச்சியிடம்தான் இருந்தது. கன்னத்தைக் கட்டையில் வைக்கும்போது கண்ணாடியின் அடியில் பள்ளமும் குச்சியும் வழக்கமான இடத்தில் தெரிகின்றனவா என்று ஒரு நொடி பார்த்துக்கொள்ளச் சொன்னேன். தெரிந்தால் தலை போன தடவை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. பிறகு அதை மறந்துவிட வேண்டும். கோயிலுக்குள் நுழையும்போது கொடிமரத்தை ஒரு பார்வை பார்ப்போமே, அது மாதிரி. சாமியைப் பார்க்கிற நேரத்தில் யாரும் கொடிமரத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் உடனே பிடித்துக்கொண்டாள். ஊருக்கு உபதேசம் செய்த நான் மட்டும் கொடிமரத்தைக் கட்டிக்கொண்டே நின்றேன்.

மழைக்குப் பிந்தின ஞாயிறு

ஐப்பசி மழை நாலு நாள் கொட்டித் தீர்த்த பிறகு வந்த ஞாயிறு. குடோனில் ஈரச் சாக்கு வாசனை. உப்புக் காற்றில் குச்சியின் தலையில் துரு பூத்திருந்தது, எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு ஆரம்பித்தேன். அன்றைக்கு அவசரத்தில் அடுக்காமல் புள்ளியை மட்டும் வைத்து ஐந்து சுட்டேன். ஐந்தும் இடப்பக்கம், இரண்டு சென்டிமீட்டர் தள்ளி. தலையை இறக்கிக் குச்சியைப் பார்த்தேன். புள்ளி அதன் தலையில் இல்லை. வலப்பக்கமாக விலகி நின்றது.

எனக்குச் சந்தேகமே இல்லை, புள்ளிதான் கெட்டுப்போயிருக்க வேண்டும். ஸ்பிரிங் துப்பாக்கி இரண்டு முறை உதைக்கும். பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் தள்ளும், பிஸ்டன் போய் முட்டும்போது முன்னால் இழுக்கும். அந்த இரண்டாவது இழுப்புக்கென்று செய்யாத கண்ணாடிகள் உள்ளே உடைந்தே போவதுண்டு. புள்ளியை நகர்த்துகிற சின்ன ஸ்க்ரூவைத் திருகி ஏழு கிளிக் நகர்த்தினேன். ஒரு கிளிக்குக்கு 10 மீட்டரில் மூன்று மி.மீ., கணக்கு சரி. அடுத்த ஐந்தில் மூன்று நடுவில், இரண்டு வலப்பக்கம். திரும்பக் கிளிக். திரும்ப இடப்பக்கம். பேட்டரியை மாற்றினேன், சி.ஆர். 2032, ஒன்று எப்போதும் பையில் இருக்கும். மவுன்ட்டின் ஆலன் போல்ட்டுகளை இறுக்கினேன். ஒரு மணி நேரத்தில் காகிதம் மாவு சல்லடை ஆகிவிட்டது. கடைசியில் வெறுத்துப்போய்ப் புள்ளியை அணைத்துவிட்டு, மங்கலான குச்சியை வைத்தே ஐந்து சுட்டேன். வழக்கமான டீ கிளாஸ்தான், ஆனால் கருவட்டத்தின் நடுவைச் சுற்றி. தீர்ப்பு எழுதியாயிற்று. குச்சி யோக்கியன், புள்ளி திருடன். ஆலன் கீயை எடுத்து அதைக் கழற்றப் போனேன்.

"இரு ண்ணே" என்றார் தம்பி. துப்பாக்கியை வாங்கி, மடக்கிப் பார்த்து, உள்ளே ரவை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கட்டையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கினார். குழலின் நுனியை இரண்டு விரலால் பிடித்து இடதும் வலதுமாக ஆட்டினார். கடக். காதில் விழுந்ததைவிட விரலில்தான் அதிகம் தெரியும், அவ்வளவு சின்ன ஆட்டம்.

"ப்ளே இருக்கு. ஷாஃப்ட் ப்ளே மாதிரி."

குழல் மடங்குகிற மூட்டில் இருக்கும் போல்ட் தளர்ந்திருந்தது. ஒவ்வொரு முறை மடக்கி நிமிர்த்தும்போதும் குழல் கொஞ்சம் வேறு இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் ஓபன் சைட்டில் எப்படிச் சரியாக விழுந்தது என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பள்ளமும் குச்சியும் எங்க இருக்கு? ரெண்டும் குழா மேல. ஒரே வூட்டுப் பசங்க. குழா எங்க போனாலும் கூடவே போவும். புள்ளி இன்னா குழா மேலயா இருக்கு? பின்னால உடம்பு மேல இருக்கு. அது வேற வூடு."

நாற்பது வருஷத்துக்கு முன்னால் தன் அப்பாவோடு கட்டுமரத்தில் போனதைச் சொன்னார். நடுக்கடலில் மீன் கிடைக்கிற பாரை, அதாவது கடலடிப் பாறைத் திட்டை, கண்டுபிடிக்கக் கரையில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டு அடையாளத்தைப் பிடித்துவைப்பார்கள். எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கியும் அதற்குப் பின்னால் இன்னொன்றும். ரெண்டும் ஒன்றாகத் தெரிகிற கோட்டில் போக வேண்டும். என் பள்ளமும் குச்சியும்தான், வேறென்ன! இப்போது எல்லாப் படகிலும் ஜி.பி.எஸ். இருக்கிறது. கரையைப் பார்ப்பதை விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். "சும்மா சும்மா யாரு பாத்துனு இருப்பா? மிஷினப் பாத்துதான் போவோம். ஆனா மிஷின் ஒண்ணு சொல்லி கர வேற சொல்லுச்சின்னு வையி, எது பொய்யின்னு சண்ட போட மாட்டோம். மொதல்ல எஞ்சின ஸ்லோ பண்ணுவோம்."

நான் ஸ்லோ பண்ணவே இல்லையே. அன்றைக்கு மட்டும் இல்லை. அந்த போல்ட் ஒரே நாளில் தளர்ந்திருக்காது. நாலைந்து வாரமாகவே புள்ளி குச்சியின் தலையிலிருந்து ஒரு மயிரிழை விலகித்தான் நின்றிருக்கும். நான்தான் தலையை இப்படியும் அப்படியும் நகர்த்தி, பள்ளத்தில் குச்சி கொஞ்சம் சாய்ந்தாலும் பரவாயில்லை என்று விட்டு, புள்ளியைக் கொண்டுவந்து அதன் மேல் உட்காரவைத்திருக்கிறேன். டீ கிளாஸ் அளவுக்குப் பரவிய ரவைகளில் பாதிக்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும், கை நடுக்கம் இல்லை. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று துப்பாக்கி வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் பஞ்சாயத்து பண்ணி இரண்டையும் கைகுலுக்க வைத்துக்கொண்டிருந்தேன். புள்ளி மட்டும் இருந்திருந்தால் ஆயுசு முழுக்கக் கிளிக் திருகிக்கொண்டு இருந்திருப்பேன். குச்சி மட்டும் இருந்திருந்தால், ரவை சுமாராக நடுவில் விழுகிறதே என்று மூட்டு முழுசாக ஆட்டம் காணும்வரை கண்டுகொண்டிருக்க மாட்டேன்.

தம்பி போல்ட்டை இறுக்கினார். எவ்வளவு இறுக்குவது என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. குழலை மடக்கி, ஒரு கை எப்போதும் குழலைப் பிடித்தபடி, மெல்ல மெல்லப் பிடியைத் தளர்த்த வேண்டும். தன் கனத்திலேயே தொங்கிவிழாமல், விட்ட இடத்தில் குழல் நின்றால் சரியான இறுக்கம். விறைத்துக்கொண்டால் அதிகம். நின்றது. நான் புள்ளியைப் புதிதாகச் சரிசெய்தேன், பன்னிரண்டு ரவை ஆயிற்று. ஒரே ஒரு முறை தலையை இறக்கிப் பார்த்தேன். குங்குமம் இருந்தது. தலையை நிமிர்த்திக்கொண்டு, குச்சியைக் கீழே விட்டுவிட்டு, காகிதத்தை மட்டும் பார்த்து ஐந்து சுட்டேன். 10 ரூபாய் நாணயம் என்று சொல்ல மாட்டேன். அதன் விளிம்பை ஒன்று கடித்திருந்தது.

"இதுல ஒரு மார்க் போட்டு வைக்கணும், எஞ்சின்ல போடுவோமே" என்று தம்பி பெயின்ட் தேடினார். குடோனில் பெயின்ட் இல்லை. பெண் தன் பையைத் துழாவி நெயில் பாலிஷ் குப்பியை எடுத்து, போல்ட்டின் தலையிலிருந்து துப்பாக்கியின் உடம்பு வரைக்கும் குறுக்கே நேராக ஒரு கோடு இழுத்தாள். போல்ட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடையும். நல்ல ரத்தச் சிவப்பு.

"இப்ப மூணு குறி பெரியப்பா. ஒண்ணு மேலயும் நம்பிக்கை இல்ல."

அவளுடைய அப்பா சிரித்தார். பாலிஷ் காய்கிற வரைக்கும் ஷட்டரைத் தூக்கிவிட்டு, கூட்ஸ் வண்டி போவதைப் பார்த்தபடி டீ குடித்தோம்.